தகர வில்லையிலிருந்து கைரேகை வரை: மலையகத்தின் பதிவேட்டு வரலாறு

இலங்கைப் பிரஜைகள் அனைவரினதும் கைரேகை, கருவிழி, முகத்தோற்றம் ஆகியவற்றைத் திரட்டிக் கணினியில் பதிந்துவைக்கும் டிஜிட்டல் அடையாளத் திட்டம் குறித்துச் சில ஆண்டுகளாகக் கொழும்பில் விவாதம் நடந்து வருகின்றது. இந்தியாவின் நிதியுதவியுடன் இத்திட்டத்தை நிறைவேற்றுவதற்கென இரு நாடுகளும் 2022 மார்ச்சில் புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்றில் கைச்சாத்திட்டன. அன்று தொடங்கிய சர்ச்சை அரசாங்கங்கள் மாறிய பின்னரும் ஓயவில்லை. நாட்டு மக்களின் தரவுகள் அயல்நாட்டின் கைக்குப் போய்விடும் என்கிறது ஒரு தரப்பு. அவை யாவும் இலங்கை அரசின் பொறுப்பிலேயே இருக்கும் என்கிறது அரச தரப்பு. தனிமனித அந்தரங்கம் என்னாவது என்று கேட்கிறது மூன்றாவது தரப்பு.

மூன்று தரப்பினரின் வாதங்களையும் தொடர்ந்து வாசித்து வருபவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இவ்விவாதத்தில் ஒரு சமூகத்தின் அனுபவம் ஏறத்தாழ முற்றாகவே விடுபட்டுப் போயிருக்கிறது. இத்தீவில் வேறெவரையும் விட நுணுக்கமாகப் பதியப்பட்டவர்களும், வேறெவரையும் விட நீண்ட காலம் ஆவணமின்றி இருந்தவர்களும் ஒருவரே. அவர்கள்தாம் மலையகத் தமிழர்.

நுவரெலியா மாவட்டத்தில், அக்கரப்பத்தனைக்கு அப்பால், ஹோர்ட்டன் சமவெளிக்குக் கீழே கிடக்கிறது டயகம. தேயிலைத் தோட்டங்களும் லயங்களும் ஒரு சிறு கடைத்தெருவும் கொண்ட ஊர். அடையாள எண்ணைப் பற்றியும் அந்தரங்கத்தைப் பற்றியும் பேசுவதற்கு இப்படியோர் ஊரா என்று வாசகர் கேட்கலாம். அரசுக்கும் கம்பனிக்கும் ஒரு மனிதனைப் பற்றிய தகவல் ஏன் தேவைப்படுகிறது, அத்தகவலை வைத்து அவனை என்ன செய்யலாம் என்ற கேள்விகளுக்கு, அங்கே நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட விடை இருக்கிறது.

பேர் என்பது கூலி

தோட்டத்துத் தமிழில் 'பேர்' என்ற சொல்லுக்கு ஒரு நாள் வேலை என்று பொருள். அன்றைய கூலி முழுமையாகக் கணக்கில் ஏறினால் பேர் விழுந்தது என்பார்கள். குறித்த அளவு கொழுந்து பறிக்காவிட்டால் 'அரைப்பேர்'. மாத முடிவில் எத்தனை பேர் என்பதே ஒரு குடும்பத்தின் வரவு. தமிழ் வழங்கும் வேறெந்த நிலத்திலாவது மனிதனின் பெயரே நாட்கூலியின் அளவையாக மாறியிருக்கிறதா என்பதை நான் அறியேன்.

இந்தச் சொல் பிறந்த இடம் செக்றோல் எனப்படும் பதிவேடு. விடிகாலையில் பிரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுவர். யார் வந்தார், எந்த மலைக்குப் போனார், எத்தனை இறாத்தல் பறித்தார் என்பன பதியப்படும். முற்பணம், அரிசி, கம்பளி என்று எடுத்தவையும் அதே கணக்கில் கழியும். ஒரு தொழிலாளியின் உழைப்பு, நோய், பிள்ளைப்பேறு, கடன் யாவற்றுக்கும் அங்கே தடயம் உண்டு. பதிபவர் கணக்கப்பிள்ளை. பதிவேடு இருப்பது துரையின் அலுவலகத்தில். பதியப்பட்டவருக்கு அதை வாசிக்கவும் தெரியாது, வாசிக்கக் கேட்கவும் முடியாது.

தோட்டத்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே பதிவு தொடங்கிவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர வில்லை முறை நடைமுறைக்கு வந்தது. தமிழகத்துக் கிராமங்களில் ஆட்சேர்க்கப்பட்டவர்களுக்குத் தகரத்தாலான சிறு வில்லை ஒன்று கொடுக்கப்பட்டது. தோட்டத்தைக் குறிக்கும் எண்ணும் ஆளைக் குறிக்கும் எண்ணும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. முகாமில் தங்குவதும் கப்பல் ஏறுவதும் ரயிலில் போவதும் அந்த வில்லையைக் காட்டித்தான். பயணச் செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கில் விழ வேண்டும் என்பதை வில்லை சொல்லிவிடும். ஆளின் பெயரோ சம்மதமோ அங்கே தேவைப்படவில்லை. இலங்கை மண்ணில் தமிழர் ஒருவரின் உடலோடு சேர்த்துக் கட்டப்பட்ட அடையாள எண் என்றால் அந்தத் தகர வில்லையைத்தான் முன்னோடியாகச் சொல்ல வேண்டும்.

அதைவிடக் கொடியது 'துண்டு'. ஒரு தொழிலாளியோ ஒரு கங்காணியின் கீழுள்ள ஆட்கள் அனைவருமோ இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவர்கள் பட்டுள்ள கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் அவர்களை விடுவிக்கத் தயார் என்று பழைய தோட்டத்துத் துரை எழுதித் தரும் காகிதம் அது. புதிய துரை அக்கடனைச் செலுத்தி ஆட்களைப் பெற்றுக்கொள்வார். கடன் புதிய தோட்டத்தில் தொடரும். இந்தக் காகிதம் முதலாளிகளுக்கு இடையில் கை மாறியது. யாரைப் பற்றியதோ அவர் அதில் ஒரு சொல்லையும் திருத்த முடியாது. இன்று வங்கியில் கடன் கேட்கப் போனால் கடன் தகவல் பணியகத்தில் நமது கணக்கு வழக்குகளைப் பார்க்கிறார்கள். அந்த அறிக்கையை நாமும் கேட்டுப் பெறலாம், பிழையிருந்தால் முறையிடலாம். துண்டில் சிக்கிய மனிதனுக்கு அந்த வழி இருக்கவில்லை. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

சட்டம் அக்காலத்தில் யார் பக்கம் நின்றது என்பதற்கு 1865ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம் சான்று. வேலையை விட்டுச் சொல்லாமல் போனால் அது குற்றம், அதற்குச் சிறை. ஒரு தோட்டத்திலிருந்து நீக்கப்பட்டவர் கையில் பத்துச்சீட்டு இருந்தால்தான் வேறிடம் தேட முடியும். காகிதம் இல்லாதவன் தப்பியோடியவன் என்றே கருதப்பட்டான்.

பூட்டிய கதவும் சுவரில்லா வீடும்

அந்தரங்கம் என்ற சொல் தோட்டத்தில் ஒரு விசித்திரமான பொருளைப் பெற்றது. தோட்டம் தனியார் சொத்து. ஆகவே வெளியார் எவரும் துரையின் அனுமதியின்றி உள்ளே வரலாகாது. லயத்தில் வாழும் தொழிலாளி தன் உறவினரையோ ஒரு தொழிற்சங்கவாதியையோ தன் வீட்டுக்கு அழைத்தாலும் வந்தவர் அத்துமீறியவரே. அதே லயத்தில் ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் இடையிலுள்ள சுவர் பல இடங்களில் கூரையைத் தொடுவதில்லை. ஒரு காம்பராவில் பேசுவது மறு காம்பராவில் கேட்கும். கம்பனியின் அந்தரங்கத்தைச் சட்டம் காத்தது. குடியிருப்பவனின் அந்தரங்கத்தைக் காக்க ஒரு சுவர்கூட முழுதாக இருக்கவில்லை.

இந்தப் பூட்டை உடைத்தவர்களுள் முதன்மையானவர் ஒரு பத்திரிகையாளர் என்பது எங்கள் தொழிலுக்குப் பெருமை. தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த கோ. நடேசய்யர், துணி விற்கும் வியாபாரியைப் போலத் தோட்டங்களுக்குள் புகுந்து நிலைமைகளை அறிந்தார் என்பது மலையக வரலாற்றில் நிலைத்துவிட்ட செய்தி. தமது 'தேசபக்தன்' பத்திரிகையில் அவற்றை எழுதினார். 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கம் அமைத்தார். கணக்கு யாருடையது, அதைச் சரிபார்க்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி அவர் எழுதியவற்றின் அடியில் ஓடிக்கொண்டே இருந்தது.

தொழிற்சங்கம் என்பதே ஒருவகையில், செக்றோலைத் தொழிலாளி சார்பில் எட்டிப் பார்க்கும் கண். அந்தக் கண்ணைத் திறப்பதற்கு மலையகம் உயிர்களைக் கொடுத்தது. 1940இல் முல்லோயாவில் கோவிந்தன் சுடப்பட்டார். 1956இல் டயகமவில் நடந்த தொழிற்சங்கப் போராட்டத்தின்போது பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் ஏப்ரஹாம் சிங்கோ உயிரிழந்தார். மலையகத் தியாகிகளின் பட்டியலில் இடம்பெறும் அந்தச் சிங்களப் பெயர், போராட்டம் இனத்தின் பெயரால் நடந்ததன்று என்பதை நினைவூட்டியபடி இருக்கிறது.

காகிதம் கேட்ட சட்டம்

இவ்வளவு நுணுக்கமாகப் பதியப்பட்ட மக்கள், 1948இல் தாங்கள் யார் என்று நிரூபிக்குமாறு பணிக்கப்பட்டார்கள். இலங்கையின் சரித்திரத்தில் இதைவிடக் கசப்பான முரண் குறைவு.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால் தாம் இங்கே பிறந்ததைக் காட்டினால் போதாது. தந்தை இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தை வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவு கட்டாயமாக்கப்பட்டதே 1897இல்தான். 1948இல் ஐம்பது வயதான ஒருவரின் தந்தை அதற்கு வெகுகாலம் முன்பே பிறந்திருப்பார். லயத்தில் பிறந்த அந்தப் பிள்ளைக்கு எவர் சான்றிதழ் எழுதி வைத்திருக்கப் போகிறார்?

சட்டத்தின் வாசகத்தில் தமிழர் என்றோ தோட்டத் தொழிலாளர் என்றோ ஒரு சொல் கிடையாது. எல்லோருக்கும் பொதுவான சட்டம் போலவே தோன்றும். ஆனால் அம்பாந்தோட்டையிலோ குருநாகலிலோ ஒரு கிராமத்து விவசாயியிடம் உன் பாட்டனின் பிறப்புச் சான்று எங்கே என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெரும்பாலோரிடம் இருந்திராது. கேள்வி டயகமவிலும் தலவாக்கலையிலும் மஸ்கெலியாவிலும்தான் கேட்கப்பட்டது. விதி பொதுவாக இருந்தாலும் சோதனை சிலருக்கு மட்டுமே என்ற இந்த ஏற்பாட்டைத் தொழில்நுட்பச் சட்டங்களைப் பற்றிப் பேசுவோர் மனத்தில் இருத்த வேண்டும்.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் மாற்று வழி ஒன்றைத் திறந்ததாகச் சொல்லப்பட்டது. 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன், மணமானவர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இடையறாது இலங்கையில் வதிந்திருக்க வேண்டும். இடையில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வெளியே இருந்தால் வதிவு முறிந்துவிடும். தாய்க்குச் சுகவீனம் என்று ஊருக்குப் போய்த் திரும்பத் தாமதமானவரின் கதி என்ன என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இடையறாத வதிவை அன்றாடம் பதிந்து வைத்திருந்த ஏடு செக்றோல். அதுவோ விண்ணப்பதாரரின் கையில் இல்லை. தன்னைப் பற்றிய சான்றைத் தன் எஜமானிடம் யாசித்துப் பெற வேண்டிய நிலை.

1951 ஆகஸ்ட் 5ஆம் திகதி விண்ணப்ப முடிவு நாள். சுமார் 8 இலட்சத்து 24 ஆயிரம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜைகளின் பெயர்களே வாக்காளர் இடாப்பில் இருக்கலாம் என்றது. 1947 தேர்தலில் தொண்டமான், சி.வி. வேலுப்பிள்ளை உட்பட இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றிருந்தனர். 1952இல் ஒருவரும் செல்லவில்லை.

நீதிமன்றத்தின் கதவும் தட்டப்பட்டது. கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த கோடாக்கன்பிள்ளை, வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்குமாறு கோரினார். இடாப்பை மீளாய்வு செய்த அதிகாரி சிவஞானசுந்தரம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1953இல் இங்கிலாந்தின் பிரிவுக் கவுன்சில் உயர் நீதிமன்றத்தின் முடிவை உறுதி செய்தது. தன் பிரஜைகள் யார் என்று வரையறுப்பது ஒரு சட்டசபைக்கு இயல்பாகவே உரிய அதிகாரம் என்பது தீர்ப்பின் சாரம். சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தந்திருந்த காப்பு, ஓர் இடாப்பில் ஒரு பெயரைக்கூடக் காப்பாற்றவில்லை.

எண்களாக ஒரு சமூகம்

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம், 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதரைப் பங்கிட்டது. இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் 1974இல் பாதிக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர். அவ்விரு மேசைகளிலும் பங்கிடப்பட்டவர்களின் பிரதிநிதிகளுக்கு நாற்காலி இருக்கவில்லை. எந்தக் குடும்பத்தில் எவர் எந்த நாட்டுக்கு என்பதைப் பின்னர் கோப்புகள் தீர்மானித்தன. அண்ணன் இந்தியக் கடவுச்சீட்டுடனும் தம்பி இலங்கைப் பிரஜையாகவும் ஒரே லயத்தில் வாழ்ந்தார்கள். 1984இல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் நின்றபோது, போக வேண்டியவர்கள் எனப் பதியப்பட்டவர் பலர் போகாமலே தங்கிவிட்டனர்.

இதற்கிடையில் அரசு ஒவ்வொருவருக்கும் எண் கொடுக்கத் தொடங்கியிருந்தது. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்படி தேசிய அடையாள அட்டை 1972 முதல் வழங்கப்பட்டது. ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் கொண்ட அந்தப் பழைய எண்ணை வாசிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு சிறு வாழ்க்கைக் குறிப்பு. முதலிரு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்ணாயின் அதனுடன் 500 கூட்டப்படும். 1975 ஜனவரி முதலாந் திகதி பிறந்த ஆணின் எண் 75001 என்று தொடங்கினால், பெண்ணின் எண் 75501 என்று தொடங்கும். கடைசியில் வாக்குரிமை உள்ளவருக்கு 'வீ', அஃதில்லாதவருக்கு 'எக்ஸ்'. ஒருவரின் வயதும் பாலும் அரசியல் நிலையும் கடைக்காரரிடம் சொல்லும் எண்ணிலேயே அடங்கிவிட்டன. 2016 முதல் புதிய அட்டைகளில் பன்னிரண்டு இலக்க எண் வந்தபோது அந்த எழுத்து மறைந்தது. பிறந்த நாளும் பாலும் இன்னமும் எண்ணுக்குள்ளேயே இருக்கின்றன.

நாடற்றவர்களுக்கு அட்டை எட்டாக்கனியாகவே இருந்தது. அட்டையில்லாதவருக்கு வங்கிக் கணக்கு இல்லை, அரச வேலை இல்லை. போர்க்காலத்தில் அது வெறும் வசதிக் குறைவாக நிற்கவில்லை. சோதனைச் சாவடியில் அட்டையைக் காட்ட முடியாத தமிழ் இளைஞன் அன்றிரவு வீடு திரும்புவது உறுதியில்லை. அட்டை இருந்தவருக்கோ வேறு சங்கடம். பெயரும் பிறந்த இடமும் முகவரியும் பார்த்த மாத்திரத்தில் அவரை இன்னாரென வகைப்படுத்திவிடும். வடக்கு, கிழக்குக்கு வெளியே 2014 வரை அட்டை சிங்களத்தில் மட்டுமே எழுதப்பட்டது. தன் அடையாளம் என்ன எழுத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று வாசிக்க இயலாதவர்கள் அதைச் சட்டைப் பையில் சுமந்தார்கள். முத்தையாவும் முத்தையனும், இராமாயியும் ராமையும் ஒருவரா இருவரா என்ற சிக்கல் ஓய்வூதியக் கோரிக்கையின்போதுதான் வெளிப்படும்.

பட்டியல் ஒன்று கையில் இருந்தால் அது எதற்கெல்லாம் பயன்படும் என்பதைக் கொழும்பும் கண்டது. போர்க்காலத்தில் தலைநகரில் தங்கியிருந்த தமிழர் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி விடுதிகளில் இருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எனினும் பதிவு என்ற சொல் அந்தத் தலைமுறைத் தமிழரின் காதில் எப்படி ஒலிக்கும் என்பதை அந்த ஒரு நாள் நிர்ணயித்துவிட்டது.

ஒரு பிரகடனம் போதுமானபோது

இந்நீண்ட கதையில் ஒரு வெளிச்சமான இடம் உண்டு. 2003 ஒக்டோபரில் பாராளுமன்றம் ஏகமனதாக நிறைவேற்றிய 35ஆம் இலக்கச் சட்டம் அது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்து வரும் இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிரஜைகளாயினர். ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயத்தின் ஆதரவுடன் மலையகமெங்கும் இயங்கிய முகாம்களில் பத்து நாட்களில் சுமார் 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் பயனடைந்தனர்.

அரை நூற்றாண்டாக அவிழாத முடிச்சு பத்து நாட்களில் அவிழ்ந்தது எப்படி? கணினி வந்ததாலன்று. பாட்டனின் சான்றிதழைக் கேட்பதை அரசு நிறுத்தியது. தன்னைப் பற்றித் தானே செய்யும் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. நிரூபிக்கும் சுமை தொழிலாளியின் தோளிலிருந்து இறங்கியது, அவ்வளவே. மக்கள் பொய் சொல்லிவிடுவார்கள் என்ற ஐம்பதாண்டு அச்சம் ஆதாரமற்றது என்பதும் அத்துடன் தெளிவாயிற்று.

தமிழகத்துக்குச் சென்றவர்களின் கதை அப்படி முடியவில்லை. 1983க்குப் பின் அகதிகளாகப் போன இந்திய வம்சாவளியினர் பலர், இந்தியப் பிரஜாவுரிமைக்குத் தகுதி கோரியும் முகாம்களிலேயே இருந்தனர். அவர்களது கோரிக்கைகளைப் பரிசீலிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஜூனில் பணித்தது. அந்நாட்டில் கோடிக்கணக்கானோரின் கைரேகையைப் பதிந்த ஆதார் அட்டை பிரஜாவுரிமைக்குச் சான்றாகாது என்று ஆதார் சட்டமே சொல்கிறது. ஒருவரின் விரல்நுனி வரை அரசு அறிந்திருக்கலாம். அறிந்தும் நீ எம்மவன் என்று சொல்லாமலிருக்கலாம்.

புதிய செக்றோல்

இன்று தோட்டங்கள் சிலவற்றில் கொழுந்து நிறுக்க மின்னணுத் தராசு வந்துவிட்டது. பழைய தராசில் கள்ளநிறை பற்றிய முறைப்பாடு தோட்டத்தின் அன்றாடப் பேச்சு. புதிய தராசு அந்தச் சந்தேகத்தைக் குறைக்கலாம், அது நன்மையே. ஆனால் நாள்தோறும் சேரும் அந்தத் தரவு யாருடையது? ஒரு பெண் எந்த மணிக்கு எவ்வளவு பறித்தாள் என்பதைக் கம்பனி ஆண்டுக்கணக்கில் சேமித்துவைத்தால், அதன் பிரதி அவளுக்குக் கிடைக்குமா?

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது அடையாள எண்ணையும் வாகன விவரங்களையும் கொடுத்துக் கியூஆர் குறியீடு பெற்றோம். வரிசை குறைந்தது, எவரும் முணுமுணுக்கவில்லை. 2023இல் 'அஸ்வெசும' நலன்புரித் திட்டம் வந்தது. வீடு, மின்சாரம், கல்வி, நோய், உடைமை என்று குடும்பத்தின் உள்விவரங்கள் திரட்டப்பட்டு, யார் வறியவர் என்பது புள்ளிகளால் தீர்மானிக்கப்பட்டது. இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் குவிந்தன. தனி முகவரியே இல்லாத லயத்து மக்களுக்கு இதில் தனிச் சிரமம். அவர்களது தபால் தோட்ட அலுவலகத்துக்கே வந்து சேர்கிறது. நியமனக் கடிதமும் பரீட்சை அறிவித்தலும் நாள் கடந்து கைக்கு வருவது மலையகத்தின் மிகப் பழைய முறைப்பாடுகளுள் ஒன்று. தன் பெயருக்கு வந்த கடிதமே பிறர் கைவழி வரும் இடத்தில், தரவின் அந்தரங்கம் பற்றிப் பேசுவதற்கு முதலில் ஒரு கதவிலக்கம் வேண்டும்.

சட்டம் இல்லாமலில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தரவைப் பார்க்கவும் திருத்தக் கோரவும், இயந்திரம் தானாகவே எடுத்த முடிவை மீளாய்வு செய்யக் கேட்கவும் உரிமை தருகிறது. இனம், மதம், கைரேகை போன்றவற்றுக்குக் கூடுதல் காப்பு உண்டு. ஏட்டில் இது துண்டுக்கும் செக்றோலுக்கும் நேர்மாறான சட்டம். ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் தள்ளிவைக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே திருத்தச் சட்டமும் வந்தது. தரவைச் சேர்க்கும் திட்டங்கள் ஒரு வேகத்திலும் காக்கும் சட்டம் வேறொரு வேகத்திலும் நகர்வதை எவரும் காணலாம்.

அயலில் நடந்ததையும் நோக்க வேண்டும். 2017 ஆகஸ்ட் 24ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆதாரை எதிர்த்து வழக்குத் தொடுத்த ஓய்வுபெற்ற நீதியரசர் புட்டசாமியின் பெயரால் அது அறியப்படுகிறது. மறு ஆண்டு ஆதார் வழக்கில், நலத்திட்டங்களுக்கு அதைப் பயன்படுத்தலாம், தனியார் நிறுவனங்கள் அதைக் கோர முடியாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. ஆதாரின் மாதிரியைக் கொண்டுவர விரும்பும் இலங்கையின் அரசியலமைப்பில், அடிப்படை உரிமைகள் அத்தியாயம் அந்தரங்கத்தைத் தனி உரிமையாகக் குறிப்பிடவில்லை. இயந்திரம் கடல் தாண்டி வருகிறது, அதற்கு இடப்பட்ட கடிவாளம் அங்கேயே நிற்கிறது.

டயகம கேட்கும் கேள்வி

அடையாள அட்டையே வேண்டாம் என்பது மலையகத்தின் குரலாக இருக்க முடியாது. ஆவணமின்மையின் கொடுமையை அனுபவித்தவர்கள் அவர்கள். கொழும்பிலும் வெளிநாடுகளிலும் இருந்துகொண்டு, அரசு நம்மைப் பதியவே கூடாது என்று வாதிடுவது எளிது. பதிவில்லாததால் நாடே இல்லாமற்போனவர்களிடம் அந்த வாதம் எடுபடாது. அதேபோல, பதிவு வந்தால் உரிமை தானாக வரும் என்ற அதிகாரிகளின் வாக்குறுதியும் அவர்களிடம் எடுபடாது. செக்றோலில் நாள் தவறாமல் பேர் விழுந்தவர்கள்தாம் 1949இல் இடாப்பிலிருந்து உதிர்ந்தார்கள்.

அவர்களது வரலாறு எழுப்பும் கேள்வி வேறு. ஏடு யார் கையில்? அதில் என்னைப் பற்றி எழுதியிருப்பதை என் மொழியில் நான் வாசிக்க முடியுமா? பிழையைத் திருத்தும் சுமை என்னுடையதா, பிழை செய்தவருடையதா? ஒன்றுக்காகக் கொடுத்த தகவல் இன்னொன்றுக்காக எனக்கெதிராகத் திரும்பாது என்பதற்கு எவர் பொறுப்பு? தகர வில்லைக்கும் துண்டுக்கும் பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கும் சோதனைச் சாவடிக்கும் ஒருங்கே பொருந்தும் இக்கேள்விகள் கைரேகை இயந்திரத்துக்கும் அப்படியே பொருந்துகின்றன.

புதிய திட்டத்தைச் சோதிப்பதற்கு நிபுணர் குழு அவசியந்தான். அதோடு எளிய சோதனை ஒன்றையும் நான் முன்மொழிகிறேன். ஆண்டுக்கணக்கில் தேயிலைச் செடிகளோடு மல்லாடிய தொழிலாளரின் விரல்களில் ரேகை தேய்ந்திருக்கக்கூடும். டயகமவில் கொழுந்து பறிக்கும் அறுபது வயதுப் பெண்ணொருத்தியின் ரேகையை இயந்திரம் ஏற்க மறுத்தால், அன்றைய அரிசிக்கும் மருந்துக்கும் அவள் என்ன செய்வாள் என்பதற்கு விதிமுறையில் விடை இருக்க வேண்டும். அவளது பெயர் பிழையாக ஏறியிருந்தால், ஒரு நாள் பேரை இழக்காமல், பத்தரமுல்லைக்குப் பஸ் ஏறாமல், தன் கிராம உத்தியோகத்தரிடமே தமிழில் எழுதிக்கொடுத்து அதைத் திருத்திக்கொள்ள முடிய வேண்டும். இவ்விரண்டுக்கும் வழி செய்த பிறகு கருவிழியைப் பதிய வரட்டும்.